கேடி

எங்கள் அடுக்ககத்து மூன்றாம் மாடிப் பையன் போன மாதம் முழுக்க ராத்திரி பன்னிரண்டு மணிவரை கண்விழித்துக் கேடி கொடுத்தான். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ மாட்டியிருக்கும் கேடி இல்லை. நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் என்பதை ஐடிக்காரர்கள் அப்படித்தான் சுருக்குகிறார்கள். தான் பார்த்த வேலையை ஒன்று விடாமல் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து, அதை வீடியோவாகவும் பதிவுசெய்து, “எல்லாம் புரிந்தது” என்று அவரிடம் ஒரு மெயிலும் வாங்கிவைத்துவிட்டு, வேலையை இழந்து வீட்டுக்குப் போவது. பெயர் வைத்தவனுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் இவ்வளவு பொருத்தமாக வைக்கக் கூச்சப்பட்டிருப்பான்.

எதிர்முனையில் மணிலாவில் ஒரு பெண். அவளுக்கு அப்போது ராத்திரி இரண்டரை. “ஒவ்வொரு தடவையும் சாரி சொல்லிட்டுதான் டவுட் கேக்கறா அங்கிள். கோவப்படக்கூட முடியல” என்றான்.

இந்தக் கேடி எங்கள் ஊருக்குப் பழைய உறவு. 2014 அக்டோபரில் ஆர்லாண்டோவில் டிஸ்னி தன் கணினிப் பிரிவில் சுமார் 250 பேருக்குச் சீட்டைக் கிழித்தது. கிழித்த கையோடு, இந்தியாவிலிருந்து எச்1பி வேலை விசாவில் வந்து இறங்கியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போ என்றது. அன்றைக்குச் சென்னையின் ஐடி வீதியான பழைய மகாபலிபுரம் சாலையில் ஒருத்தர் கண்ணும் கலங்கவில்லை. “திறமை சார், திறமை” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம்.

ஆமாம், திறமைதான். நம் கொள்ளுத்தாத்தாக்களும் திறமையைப் பார்த்துத்தான் கண்டிச்சீமைக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு, அழைக்கப்பட்டார்கள். துரைக்கு வேண்டியது குறைந்த கூலி; திருச்சியிலும் சேலத்திலும் ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்துத் தந்தவர் கங்காணி. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு. கூலிக்காரனுக்கு மிஞ்சியது ‘துண்டு’. இவன் இவ்வளவு கடன்பட்டிருக்கிறான், அதைத் தீர்க்கிற தோட்டம் இவனை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிய சீட்டு. 1921-ல் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். காகிதம் ஒழிந்தது.

எச்1பி விசாவைக் கையில் வாங்கிப் பாருங்கள், தேயிலை வாசனை வரும். வேலை போனால் 60 நாள். அதற்குள் இன்னொரு துரை மனுப் போட வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதால் இந்தியர்கள் வரிசையிலேயே நரைக்கிறார்கள். வரிசையில் நிற்கிறவன் சம்பளம் போதவில்லை என்று குரலை உயர்த்த மாட்டான். முதலாளிக்கு அந்த வரிசை அவ்வளவு அழகு. நடுவில் கன்சல்டன்சி என்று ஒன்று, கிளையன்ட் கொடுக்கிற டாலரில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தரும். அந்தக் கடைக்கு அங்கே பெயர் ‘பாடி ஷாப்’. கங்காணிக்காவது தலைப்பாகை இருந்தது.

ஊரோடு இருக்கிறவனுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? 2010 வாக்கில் பெரிய ஐடி கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றேகால் லட்சம். இன்றைக்கும் பெரும்பாலானவர்களுக்கு மூன்றரையைச் சுற்றித்தான். முதலாளிகளின் சம்பளம் அப்படித் தேங்கி நிற்கவில்லை என்பதை அவர்களுடைய ஆண்டறிக்கையிலேயே படித்துக்கொள்ளலாம்.

2025 செப்டம்பர் 19 அன்று ட்ரம்ப் கையெழுத்துப் போட்டார். புதிய எச்1பி மனு ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் டாலர். அன்றைய கணக்கில் 88 லட்சம் ரூபாய். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று வெள்ளை மாளிகை விளக்கம் சொல்வதற்குள், ஊருக்குக் கிளம்பி விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள்கூட இறங்கி ஓடினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் அடுக்கக வாட்ஸப் குழுவில் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கொதித்து எழுதினார்: “நம்ம பசங்க இல்லேன்னா அமெரிக்கா படுத்துடும். நன்றி கெட்ட ஜனங்க.” வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். தட்டி முடிப்பதற்குள் அதே கட்டைவிரல் அடுத்த செய்தியை அனுப்பியது: “பி பிளாக்கில் பெயின்ட் அடிக்க வந்த வடக்கனுங்க லிஃப்டில் போகிறார்கள். இனிமேல் படிக்கட்டுதான். இவனுங்க வந்ததிலிருந்து நம்ம ஆளுக்கு வேலையே இல்லை.” அதற்கும் கைதட்டல். பொம்மைகளுக்கு என்ன தெரியும்!

அந்தப் பெயின்ட் வேலைக்கு மூன்று கொட்டேஷன் வந்தன. இரண்டு, நம்ம ஆட்களை வைத்து வேலை பார்க்கிறவர்களுடையவை. இருப்பதிலேயே குறைந்ததை எடுத்துக் கையெழுத்துப் போட்டவர் இதே செயலாளர். இதைச் சொன்னால், “சங்கத்துப் பணம் சார், மிச்சம் பிடிக்க வேண்டாமா?” என்பார். ஆர்லாண்டோவிலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், கொஞ்சம் நல்ல ஆங்கிலத்தில்.

நமக்கு ஞாபகமறதியும் அதிகம். 1966-ல் பம்பாயில் சிவசேனை கிளம்பியபோது விரட்டவேண்டிய வந்தேறி ‘மதராஸி’. வேட்டியும் லுங்கியும்தான் அடையாளம். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று அந்தத் தோட்டக் கூலிகளின் வாரிசுகளான மலையகத் தமிழர்களைப் பங்கு பிரித்தார்கள். அந்தத் தலைகளில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. அதைப் பேசும்போது நாக்குத் தழுதழுக்கிற அதே வாய்தான் இங்கே “வடக்கன்” என்கிறது.

தினம் காலை எட்டு மணிக்கு கேட்டருகில் மேஸ்திரி ஆட்களை எண்ணுவார். நம்ம சேலத்துக்காரர்தான். தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டுதான் கூலி பட்டுவாடா.

மூன்றாம் மாடிப் பையன் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. லிஃப்டில் செயலாளர் அகப்பட்டால் “என்னப்பா, ஒர்க் ஃப்ரம் ஹோமா?” என்பார் என்று அவனும் இப்போது படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறான். நேற்று இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பெயின்டர் பையன், பத்தொன்பது வயதுகூட இருக்காதாம், பக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டானாம்.

“போங்கண்ணா” என்றானாம், தமிழில்.