பூச்சிக்கு மணி கட்டியவன்

ஜிலேபிக் கெண்டை வாசலுக்கே வண்டியில் வருகிற ஊர் எங்கள் சிவகிரி. இங்கே குடியிருந்துகொண்டு, டிரவுட் மீனை ஏமாற்ற இங்கிலாந்துக்காரர்கள் கட்டுகிற பொய்ப்பூச்சியை நான் ஏன் கட்ட வேண்டும் என்று மனைவி கேட்கிறாள். நியாயம்தான். டிரவுட்டுக்கு நீலகிரி ஏற வேண்டும். அவலாஞ்சியில் 1907-லேயே அதற்குக் குஞ்சு பொரிப்பகம் வந்துவிட்டது. எங்கள் குளத்தில் ஜிலேபிதான். அதனாலென்ன, தண்ணீருக்கடியில் ஊரும் தட்டான் புழுவை ஜிலேபியும் தின்னும்.

அந்தப் புழு மாதிரி ஒன்று கட்ட, முதலில் தூண்டில் முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் அமுக்கி, கூர்முனை வழியே மணியைக் கோத்துக் காதுவரை தள்ள வேண்டும். மணியில் ஒரு துளை சிறிது, மறுதுளை பெரிது. சிறிது காதுப்பக்கம் இருந்தால்தான் நிற்கும். டங்ஸ்டன் மணி என்றால் பித்தளையைவிட இருமடங்குக்கு மேல் கனம், சட்டென்று மூழ்கும். ஆர்டர் போட்டேன், பார்சல் ஈரோடு மாவட்டத்துச் சிவகிரியைச் சுற்றிப்பார்க்கப் போய்விட்டது. வளையல் கடைப் பித்தளை மணிக்கோ இரண்டு துளையும் ஒரே அளவு. ஒவ்வொன்றாகக் காதைத் தாண்டிக் கட்டிலுக்கடியில் உருண்டது. கடைசியில் ஒன்று நின்றது, ஃபெவிகுவிக் புண்ணியத்தில். என் கட்டைவிரலும் கூடவே நின்றது.

ஃபிராங்க் சாயர் என்று ஒருவர், வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றுக் காவலர். நூலே தொடாமல், மெல்லிய செம்புக் கம்பியும் பெசன்ட் பறவையின் வால் இறகும் வைத்தே பூச்சி கட்டினார். செம்புக் கம்பிக்குப் புகைந்துபோன மிக்ஸி மோட்டார் இருந்தது. மயிலும் பெசன்ட் குடும்பம்தானே? முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த பீலியில் இழை இழையாக உருவினேன்.

“மயிலுக்கே மொட்டை போட்டுட்டியளே!” என்றாள்.

குளத்துக்கரையில் தக்கையைப் பார்த்தபடி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பூச்சியை மூழ்கவிட்டு, மேலேறும் புழுபோல மெல்ல உயர்த்த வேண்டும் என்ற சாயரின் உத்தியை அவருக்கு விளக்கினேன். மண்புழுவைக் கோத்தபடியே கேட்டுக்கொண்டார்.

“அந்த வெள்ளைக்காரருக்கு மண்புழு கிடைக்கலையோ, அண்ணாச்சி?”

“அவர் காவல் காத்த பகுதியில் மண்புழு போடத் தடை.”

“அடப் பாவமே, அப்ப வேற வழியில்ல” என்று சொல்லி அடுத்த ஜிலேபியைத் தூக்கினார்.