வெங்காயம், விடுதலைப் பிரகடனம், வீட்டுக்காரர் கையெழுத்து

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் வட மாநிலத்து ஆண்கள் துப்பாக்கியைத் தேடி ஓடினார்கள். பெண்கள் ஊசியைத் தேடினார்கள். கையில் கிடைத்த ஊசியால் முதலில் தைத்துத் தள்ளியது ஹேவ்லாக். தொப்பிக்கு மேல் மாட்டிப் பிடரியில் தொங்கவிட்டுக்கொள்ளும் வெள்ளைத் துணி அது. 1857இல் நம் ஊர்ச் சிப்பாய்களை அடக்கக் கிளம்பிய ஜெனரல் ஹென்றி ஹேவ்லாக்கின் பெயர்தான் அதற்கு. அந்தமானில் ஒரு தீவே 2018 வரை அவர் பெயரைச் சுமந்துகொண்டிருந்தது. இந்திய வெயிலுக்குப் பிறந்த சரக்கை அந்த அம்மாமார்கள் இரவு பகலாகத் தைத்து மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். பையன்களும் அதை வீணாக்கவில்லை. காப்பி வடிகட்டினார்கள், துப்பாக்கி துடைத்தார்கள். தலையில் போட்டுக்கொண்டவர்கள்தான் குறைவு.

அடுத்து தின்பண்டம். ஒரே பெட்டியில் கேக், ஜாம், ஊறுகாய், கம்பளிக் காலுறை, கூடவே ஒரு பைபிள். ரயிலில் குலுங்கிக் குலுங்கி முகாமுக்குப் போய்ச் சேரும்போது ஜாம் காலுறைக்குள் இருக்கும், கேக் பூஞ்சைக்குள் இருக்கும். பாசத்துக்குக் குறைவில்லை. பெட்டி கட்டத்தான் யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கூத்தை ஒழுங்குபடுத்த 1861 ஜூனில் சானிட்டரி கமிஷன் என்று ஒன்று அரசு அனுமதியோடு உருவானது. பெயரைக் கேட்டால் சாக்கடை வாரியம் போலிருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். முகாம்களின் சுகாதாரம், ஆஸ்பத்திரி, காயம்பட்டவர்களுக்கு உணவு, உடை எல்லாம் அதன் பொறுப்பு. தலைவர் ஹென்றி பெல்லோஸ் என்ற பாதிரியார். செயலாளர், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். ஊர் ஊராகத் தைத்து, சமைத்து, கட்டி, வசூலித்து அனுப்பியவர்கள் பெண்கள். இப்படி ஓர் அமைப்பு வண்டிக்கு ஐந்தாவது சக்கரமாகிவிடுமே என்று ஜனாதிபதி லிங்கன் ஆரம்பத்தில் முகம் சுளித்தாராம். அந்தச் சக்கரத்தைத் தள்ளப்போவது யார் என்று அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை.

சிகாகோவில் தள்ளியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேரி லிவர்மோர். 1820இல் பாஸ்டனில் பிறந்தவர், பாதிரியார் டேனியல் லிவர்மோரின் மனைவி, கணவர் நடத்திய பத்திரிகையில் துணை ஆசிரியர். லிங்கனை வேட்பாளராக்கிய 1860 சிகாகோ மாநாட்டில் செய்தியாளர் பகுதியில் உட்கார்ந்திருந்த ஒரே பெண் இவர்தான். இன்னொருவர் ஜேன் ஹோஜ். மேரியைவிட ஒன்பது வயது மூத்தவர், 13 பிள்ளை பெற்றவர். பதின்மூன்றைப் பெற்றவருக்கு ஒரு பட்டாளத்தின் சாப்பாட்டுப் பிரச்சினையெல்லாம் பெரிதாகப் பட்டிருக்காது. 1862 டிசம்பரில் சானிட்டரி கமிஷனின் சிகாகோ கிளையை இந்த இருவர் கையில் கொடுத்தார்கள்.

பொறுப்பேற்ற கையோடு வந்தது வெங்காயப் பிரச்சினை.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் விக்ஸ்பர்க் கோட்டையைப் பிடிக்க ஜெனரல் கிராண்ட் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எதிரியைவிட ஈறுதான் அவருடைய ஆட்களை அதிகம் படுத்தியது. உப்புக்கண்டமும் சுத்தியலுக்கும் மசியாத பிஸ்கட்டும் தின்று தின்று ஸ்கர்வி வந்துவிட்டது. ஈறு வீங்கி, பல் ஆடி, கால் துவண்டது. வைட்டமின் சி என்ற பெயர் அன்றைக்குப் பிறக்கவில்லை. ஆனால் உருளைக்கிழங்கும் வெங்காயமும் உள்ளே போனால் நோய் வெளியே போகும் என்று தெரிந்திருந்தது. இரு அம்மணிகளும் இல்லினாய், விஸ்கான்சின், அயோவா என்று ஊர் ஊராகக் கடிதம் போட்டார்கள். பெண்கள் வண்டியோடு கிளம்பித் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார்கள். ஊறவைத்த முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், உருளைக்கிழங்கு, எது கிடைத்தாலும் பீப்பாயில் அடைத்தார்கள். 1863இன் முதல் பாதியில் மட்டும் 18,000 புஷெலுக்கு மேல் தெற்கே போனது. உருளைக்கிழங்கு என்றால் ஒரு புஷெல் சுமார் 27 கிலோ. மொத்தம் என்ன ஆகும் என்பதைக் கோயம்பேட்டில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் விழுந்தது. வரலாற்றுப் புத்தகங்கள் பீரங்கியைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகின்றன. வெங்காயத்துக்கு அடிக்குறிப்பு கிடைத்தாலே அதிகம்.

இதற்குள் கமிஷன் கஜானா துடைத்துவிட்டாற்போல் ஆகிவிட்டது. பழையபடி ஆளுக்குக் கால் டாலர், அரை டாலர் என்று கையேந்தினால் தாங்காது. அதனால் ஒரு பெரும் சந்தை போடலாம், 25,000 டாலர் திரட்டலாம் என்று மேரியும் ஜேனும் சொன்னார்கள். கிளையின் ஆண் உறுப்பினர்கள் அனுமதி கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுச் சிரித்தார்கள். ‘பெண்கள் ஆசைப்படுகிறார்கள், ஏதோ ஊசி நூல் விற்றுவிட்டுப் போகட்டும்’ என்கிற வகைச் சிரிப்பு. அனுமதியும் ஏளனமும் ஒரே வாயிலிருந்து வரும் அதிசயம் கமிட்டிகளில் மட்டுமே நடக்கும்.

சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, இவர்கள் செப்டம்பர் 1 அன்று மாநாடு கூட்டிப் பல ஊர்ப் பெண்களை வரவழைத்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். சந்தை சம்பந்தமாக ஒரே தடவையில் போன தபால் மட்டும் 17 புஷெல் என்று மேரி பிற்பாடு எழுதினார். காய்கறி அளந்து பழகிய கை, கடிதத்தையும் மரக்காலால்தான் அளக்கிறது. பதிலுக்கு வந்த பொருள்களைப் பார்த்தால் ஊசி நூலைக் காணோம். பியானோ, அடுப்பு, ஏர், அறுவடை இயந்திரம், கதிரடிக்கும் இயந்திரம், கொதிகலனோடு ஒரு நீராவி எஞ்சின்! பூத்தையல் கைக்குட்டைக்குப் பக்கத்தில் கதிரடிக்கும் இயந்திரத்தை வைக்க முடியாது. அதற்கென்று ஒரு தற்காலிகக் கூடம் கட்ட வேண்டும். கட்டடக்காரரைக் கூப்பிட்டார்கள்.

மனிதர் வந்தார், வரைபடம் பேசினார், விலை பேசினார், ஒப்பந்தம் எழுதினார். இரு பெண்களும் கையெழுத்துப் போட்டு நீட்டினார்கள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஜாமீன் யார் என்றார். ஜாமீன் எதற்கு, பணம் பாங்கில் இருக்கிறது, வேண்டுமானால் முன்பணமாகவே தருகிறோம் என்றார்கள் இவர்கள். அவர் நெளிந்தார். கெட்டவர் இல்லை பாவம், சட்டம் தெரிந்தவர். நீங்கள் இருவரும் மணமானவர்கள், இல்லினாய் சட்டப்படி உங்கள் கையெழுத்து செல்லாது, பக்கத்தில் வீட்டுக்காரர்கள் கையெழுத்து இருந்தால்தான் ஒப்பந்தம் என்று விளக்கினார். நாங்களே உழைத்துச் சம்பாதித்த பணம் இருக்கிறதே என்று கேட்டதற்கு, அதுவும் சட்டப்படி உங்கள் கணவர்களுடையதுதான் என்று பதில் வந்தது.

அவர் சொன்னது உண்மை. இல்லினாயில் 1861இல் ஒரு சட்டம் வந்து, மனைவி கொண்டுவந்த சொத்து அவளுக்கே என்று ஆக்கியிருந்தது. ஆனால் அவள் உழைத்துச் சம்பாதித்தது? அது ஐயாவுக்கு. அப்பா கொடுத்தால் உனக்கு, நீயே சம்பாதித்தால் எனக்கு. இப்படி ஒரு தத்துவத்தைச் சட்டமாக எழுத எத்தனை கற்றவர்கள் கூடி உட்கார்ந்திருக்க வேண்டும்!

பட்டாளத்துக்கே சோறு போட்ட இரண்டு பேர், நாலு பலகை அடிக்கக் கணவன்மாரைக் கூட்டி வந்தார்கள். கணவன்மாரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார்கள். போர் முடியட்டும், அடுத்த வேலை இந்தச் சட்டத்தோடுதான் என்று அன்றைக்கே மேரி மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டார். கட்டடக்காரருக்குக் கூலி மட்டும்தான் கிடைத்தது. பெண்ணுரிமை இயக்கம் அவருக்கு ஒரு சிலையாவது வைத்திருக்கலாம்.

அடுத்து, வெள்ளை மாளிகைக்கு ஒரு கடிதம். நன்கொடை கேட்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய மனிதரிடம் போய்ச் சின்னதாகக் கேட்டால் அவருக்கே அவமானம். கைக்குட்டை, கையெழுத்து, ஒரு கற்றை தலைமுடி என்றெல்லாம் கேட்காமல், 1863 ஜனவரி 1 அன்று வெளியான அடிமை விடுதலைப் பிரகடனத்தின் கைப்பிரதியையே கொடுங்கள், விற்றுக்கொள்கிறோம் என்று கேட்டார் மேரி. கேட்கலாமா, கூடாதா என்று நாமாக இருந்தால் பத்து கூட்டம் போட்டிருப்போம். லிங்கன் அக்டோபர் 26 தேதியிட்ட கடிதத்தோடு அனுப்பிவைத்தார். வைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனாலும் சிப்பாய்களுக்கு உதவுமென்றால் அதுவே மேல் என்ற தோரணையில் எழுதியிருந்தார். கூடவே சரக்கின் குறையையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: மேலேயும் கடைசியிலும் உள்ள சம்பிரதாய வாசகங்கள் என் எழுத்தல்ல, நடுவில் உள்ள அச்சுத் துண்டு பழைய பிரதியிலிருந்து வெட்டி ஒட்டியது, எழுதும் வேலை மிச்சமாகட்டும் என்றுதான். உலகத்தின் தலைசிறந்த ஆவணங்களில் ஒன்றிலும் ‘வெட்டி ஒட்டு’ நடந்திருக்கிறது. மாணவர்கள் இதைப் படிக்காமலிருப்பது நல்லது.

அக்டோபர் 27 அன்று சந்தை தொடங்கியது. பாங்கு திறக்கவில்லை, கோர்ட் நடக்கவில்லை, பள்ளிக்கூடத்துக்கு லீவு. ஊர்வலம் மைல் கணக்கில் நீண்டது. அதில் லேக் கவுன்ட்டி விவசாயிகளின் வண்டிகள் மட்டும் சுமார் நூறு, எல்லாவற்றிலும் காய்கறி. நம் ஊரில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்களே, அந்த மாதிரி. தாய்மார்கள் தாமே போடும் கூத்தைப் பார்க்க ஊரே திரண்டுவிட்டது. பிரையன் ஹாலில் விற்பனை, நீதிமன்றக் கட்டடத்தில் எதிரியிடம் பறித்த கொடிகளின் காட்சி. இரவில் சொற்பொழிவு, பேச்சாளர்களில் ஒருவரான அன்னா டிக்கின்சனுக்கு அப்போதுதான் 21 வயது. ஒரு பெண் மேடையேறிப் பேசுவதையே அதிசயமாகப் பார்த்த காலம் அது. இவர்கள் அந்த அதிசயத்துக்கும் டிக்கெட் போட்டார்கள்.

கல்லா நிறைந்ததில் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நல்ல பங்கு உண்டு. நாள்தோறும் சுமார் 1,500 பேர் அங்கே சாப்பிட்டார்கள். சமையல் முழுக்க ஊர் வீடுகளிலிருந்து வந்தது. தெருத் தெருவாகப் போய், உன் வீட்டிலிருந்து திங்கட்கிழமை வான்கோழி, உன் வீட்டிலிருந்து செவ்வாய்க்கிழமை பை என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சொன்னபடி அனுப்பாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. நீதிபதி, வியாபாரி, செனட்டர் எல்லோரும் காசு கொடுத்து உட்கார்ந்தார்கள். சிரித்த கமிட்டி ஆண்களும் சாப்பிட்டிருப்பார்கள். சிரிப்புக்குத் தனிக் கட்டணம் வாங்கியதாகக் கணக்கில் இல்லை.

நவம்பர் முதல் வாரத்தில் கடையைக் கட்டி எண்ணிப் பார்த்தார்கள். இலக்கு 25,000. கிடைத்தது 80,000 டாலருக்கு மேல். மிச்சப் பொருளையும் விற்றுச் சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தொட்டது என்பாரும் உண்டு. பிரகடனம் 3,000 டாலருக்குப் போயிற்று. வாங்கியவர் தாமஸ் பிரையன், அந்த ஹாலின் சொந்தக்காரரேதான். அதிகம் நன்கொடை தருபவருக்குத் தங்கக் கடிகாரம் பரிசு என்று ஜேம்ஸ் ஹோஸ் என்ற சிகாகோ நகைக் கடைக்காரர் அறிவித்திருந்தார். ஒரு காகிதத்துக்கு மூவாயிரம் கிடைத்ததால் கடிகாரம் லிங்கனுக்குப் போனது. வாங்கிக்கொண்டு நன்றிக் கடிதமும் போட்டார். அந்தக் காகிதத்தைக் கேட்கலாம் என்று யோசித்தவருக்கு ஒரு கடிகாரச் சங்கிலிகூடக் கிடையாது.

பணம் வருகிறது என்று தெரிந்ததும் மற்ற நகரங்களுக்கும் தேசபக்தி பொத்துக்கொண்டு வந்தது. நியூயார்க்கும் பிலடெல்பியாவும் 1864இல் ஆளுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டின. இம்முறை கமிட்டி நாற்காலிகளைப் பிடிக்க ஆண்கள் முண்டியடித்தார்கள். நியூயார்க்கில் ஒரு வாளை வைத்து, கிராண்ட்டுக்கா இன்னொரு ஜெனரலான மெக்லெல்லனுக்கா என்று ஓட்டெடுப்பு, ஓட்டுக்கு ஒரு டாலர். ஓட்டுக்குக் காசு நமக்குப் பழக்கம்தான். ஆனால் அங்கே ஓட்டுப் போடுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும்! கிராண்ட் ஜெயித்தார். ஆல்பனியில் பிரகடனத்தின் 1862 செப்டம்பர் முன்வரைவைச் சீட்டுக் குலுக்கலில் விட்டார்கள். சீட்டு ஒரு டாலர், வசூல் மொத்தம் 1,100 டாலர். அதில் ஆயிரம் சீட்டை கெரிட் ஸ்மித் என்ற அடிமை ஒழிப்புக்காரரே வாங்கிவிட்டார். குலுக்கினார்கள். பரிசு யாருக்கு விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த முன்வரைவு இன்றும் நியூயார்க் மாநில நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. சிகாகோவில் 3,000 டாலருக்குப் போன கைப்பிரதி 1871 பெருந்தீயில் எரிந்துபோனது. கல்லில் அச்செடுத்த நகல்கள் மட்டும் தப்பின.

மேரி சபதத்தை மறக்கவில்லை. 1869இல் சிகாகோவில் பெண்கள் வாக்குரிமை மாநாட்டைக் கூட்டினார், ‘தி அஜிடேட்டர்’ என்று பத்திரிகை தொடங்கினார். பெயரிலேயே தகராறு. அதே ஆண்டு இல்லினாயில் மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே என்று சட்டமானது. அதற்காக மன்றாடியவர்களில் ஒருவர் மைரா பிராட்வெல், சிகாகோவில் சிப்பாய்களுக்கான உதவிப் பணியில் இருந்தவர், சட்டம் படித்தவர். அதே 1869இல் அவர் வக்கீலாகப் பதிவு செய்யப் போனார். மணமான பெண்ணின் ஒப்பந்தம் செல்லாது, கட்சிக்காரரோடு எப்படி ஒப்பந்தம் போடுவாய் என்று மாநில உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. கட்டடக்காரர் ஐந்து நிமிஷத்தில் சொன்னதை நீதிபதிகள் தீர்ப்பாக எழுதினார்கள்.

மேரிக்கு பாஸ்டனில் ‘வுமன்ஸ் ஜர்னல்’ ஆசிரியர் வேலை கிடைத்தது. டேனியல் லிவர்மோர் தம் பத்திரிகையை விற்றுவிட்டு, மனைவிக்கு வேலை கிடைத்த ஊருக்குக் குடிபெயர்ந்தார். 1885இல் பெண்கள் வாக்குரிமையை ஆதரித்து அவரே ஒரு புத்தகமும் வெளியிட்டார். அதற்கு மனைவியின் கையெழுத்து வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.