வெளிய நிக்குதுங்க!

கோவை கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு லேத் பட்டறை வாசலில் நின்று, "தொழில் எப்படீங்க போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். முதலாளி லாபத்தையும் சொல்ல மாட்டார், நட்டத்தையும் சொல்ல மாட்டார். எண்ணெய்க் கையைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டே, "அது பாட்டுக்குப் போகுதுங்க. 18 லட்சம் வெளிய நிக்குது" என்பார். குரலில் கவலையே இருக்காது. பெண்ணைப் பெரிய இடத்தில் கட்டிக் கொடுத்தவர் சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசுகிற தொனிதான் இருக்கும்.

மனிதர் வேலையில் சூரர். இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங், தவணையில் வாங்கிய பழைய சிஎன்சி ஒன்று. மோட்டார் பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்டும் இம்பெல்லரும் கடைந்து கொடுக்கும் ஜாப் ஆர்டர். 20 மைக்ரான் பிசகினால் அந்த ஷாஃப்ட் பட்டறையைத் தாண்டாது. 18 லட்சம் பிசகினால் மட்டும் அது சொத்து.

அந்தச் சொத்து ஒரு நீள நோட்டில் இருக்கிறது. பார்ட் டைம் கணக்குப்பிள்ளை டேலியில் எழுதுவது அரசாங்கத்துக்கு, நோட்டு இவருக்கு. இரவு ஷட்டரை இறக்குமுன் நாலு பக்கம் புரட்டி, கடைசியில் உள்ள கூட்டுத்தொகையை ஒரு தடவை பார்த்தால்தான் தூக்கம் வரும். எப்போதாவது ஒரு கம்பெனி 2 லட்சம் அனுப்பிவிட்டால் அன்று முகம் கொஞ்சம் வாடிப்போகிறது. 18 லட்சம் 16 ஆகிவிட்டதே! வந்த பணமோ அன்று மாலைக்குள் சிஎன்சி தவணைக்கும் கரண்ட் பில்லுக்கும் போய்விடும். கையில் நிற்காத பணத்தைவிட வெளியே நிற்கும் பணம் மேல் என்று தோன்றுவதில் வியப்பில்லை.

வசூலுக்குப் போகாமல் இருப்பவர் அல்ல. மாதம் ஒருமுறை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வந்தர்றேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் பைக்கை உதைப்பார். அங்கே பர்ச்சேஸ் மேனேஜர் நாற்காலியைவிட்டு எழுந்து நிற்பார். "வாங்கண்ணா, உக்காருங்க. காபி சொல்லட்டுங்களா?" பில்டர் காபி வரும், கூடவே உளுந்து வடை வரும். பாக்கியைப் பற்றி இவர் தொண்டையைச் செருமும்போது, "அடுத்த வாரம் போட்டுர்றோம்ணா. அதுக்குள்ள ஒரு அர்ஜென்ட் வேலைங்க. உங்கள விட்டா அந்த பினிஷிங் யார் குடுப்பாங்க?" என்று ஒரு டிராயிங் மேசையில் விரியும்.

வீடு திரும்பியதும் மனைவி கேட்பார்: "காசு குடுத்தாங்களா?"

"காசென்ன பெரிய காசு? 400 ஷாஃப்ட் ஆர்டர் குடுத்திருக்கான்!"

மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கேட்கப் போனவர், அதை நாலேகால் லட்சம் ஆக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

தராதவர்களுக்கான காரணங்களையும் அவர்கள் சொல்வதற்கு முன்பே இவரே எடுத்துக் கொடுப்பார். ஆடியில் வியாபாரம் மந்தம். தீபாவளிக்கு முன்பு போனஸ் நெருக்கடி, தீபாவளிக்குப் பிறகு கல்லா காலி. தை பிறந்தால் வழி பிறக்கும். பிறந்தால் மார்ச் எண்டிங். மே மாதம் கம்பெனி முதலாளி குடும்பத்தோடு ஊட்டியில். 2016 நவம்பரில் செல்லாத நோட்டு, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2020இல் கொரோனா. நாட்டு வரலாறு முழுக்க இவருக்குப் பணம் வராத காரணங்களாகவே நடந்திருக்கிறது.

சட்டம் தெரியாதவர் என்று நினைத்தால் அதுவும் தவறு. உத்யம் சான்றிதழ் லேமினேட் செய்யப்பட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு இப்படிக் கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, கொடுத்து முடிக்கும் வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. புகார் கொடுக்க 'சமாதான்' இணையதளம் 2017இலேயே வந்துவிட்டது. விசாரிக்கும் கவுன்சில் கோவையிலேயே இருக்கிறது. இத்தனையும் டீக்கடையில் மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பார். "அப்ப நீங்க ஒரு புகார் போடலாமேங்க?" என்றால், "சேச்சே, அவங்க ஏமாத்தற ஆளுங்க இல்லீங்க" என்று பேச்சை மாற்றுவார். புகார் கொடுத்தால் ஆர்டர் நின்றுவிடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்ததுதான் இவருடைய சொந்தத் தயாரிப்பு.

நோட்டின் முதல் பக்கத்தில் 2018ஆம் வருடத்துப் பாக்கி ஒன்று: ரூபாய் 1,12,000. அந்தக் கம்பெனியின் ஷெட்டில் இப்போது கல்யாண மண்டபம் நடக்கிறது. கடன்காரர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல், ஒரு ரூபாயும் கட்டாமல் மூன்று வருடம் போனால் வழக்குப் போடும் காலக்கெடு முடிந்தது. ஆடிட்டர் வருடம் தவறாமல் கெஞ்சுகிறார்: "வாராக்கடன்னு எழுதிடுங்க, வரியாவது குறையும்." இவர் நோட்டை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். "எழுதிட்டா போயிருமுங்க." எழுதாததால் அது இன்னும் உயிரோடு இருக்கிறதாம். அந்த பில்லுக்கு இவர் கைக்காசில் கட்டிய ஜிஎஸ்டி மட்டும் உண்மையிலேயே போயே போய்விட்டது. காசு வந்ததா என்று பார்த்து வாங்கும் வரி அல்ல அது, திருப்பியும் தரமாட்டார்கள்.

நூற்றுக்குப் பத்து ரூபாய் மிஞ்சும் வேலையில் அந்த 1,12,000 ரூபாயை ஈடுகட்ட 11 லட்சத்து 20 ஆயிரத்துக்கு ஷாஃப்ட் கடைய வேண்டும். அந்தப் பத்து ரூபாயும் சந்தேகம்தான். சொந்தக் கட்டடம் என்பதால் வாடகை கணக்கில் இல்லை. ராத்திரி பில் எழுதும் மனைவிக்குச் சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் மெஷினில் நிற்கும் இவருக்கும் இல்லை. "நான் இல்லாட்டி இங்க ஒரு போல்ட் நகராதுங்க" என்பதில் இருக்கும் பெருமை ஒன்றே ஊதியம்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். பெண்டாட்டி நகையை அடகு வைத்து எழுந்த ஊர்தான் இது. தைரியத்தையும் ஏமாளித்தனத்தையும் எங்கே பிரிப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. நோட்டைப் பார்த்துத் தூங்குகிறவரின் தூக்கத்தைக் கெடுப்பானேன்?

ஆனால் சனிக்கிழமை வருகிறது.

அன்று மாலை ஆறு மணிக்கு மெஷின்கள் நிற்கும். ஏழு பேர் கைகால் கழுவி, சட்டை மாற்றி, தகரக் கொட்டகைக்கு வெளியே நிற்பார்கள். முதலாளி காதில் போன். ஏழரை ஆகும். பிறகு ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, "பாதி வாங்கிக்க கண்ணு, மீதி செவ்வாக்கிழமை. 18 லட்சம் வெளிய நிக்குது, உனக்குத் தெரியாததா? நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். அந்தச் செவ்வாய் அடுத்த சனியோடு கலந்துவிடும். இன்செர்ட் வாங்கும் டூல்ஸ் கடைக்கு எட்டு மாதமாக 86,000 ரூபாய் தரவேண்டியிருக்கிறது. அது நீள நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. வரவேண்டியதற்கு நோட்டு, தரவேண்டியதற்கு ஞாபக மறதி. டூல்ஸ் கடைக்காரரும் தன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம், "நல்லாப் போகுதுங்க, வெளியதான் நிக்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

லேத் ஓட்டுகிற பையனால் அப்படிச் சொல்ல முடிவதில்லை. வாடகை கேட்கும் வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர், பைக் தவணை வாங்க வருகிறவர், யாரும் அவனுக்குக் காபி தருவதுமில்லை, அவனிடம் காபி கேட்பதுமில்லை.

45 நாள் கெடுவை மனப்பாடமாகச் சொல்லும் முதலாளிக்கு, 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் உள்ள இன்னொரு கெடுவை யாராவது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் நல்லது: வாரக் கூலியை அந்த வாரத்தின் கடைசி வேலை நாளிலேயே, விடுமுறைக்கு முன்பே, கொடுத்துவிட வேண்டும். வெளியே நிற்கும் பணம் வந்த பிறகு கொடுக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை.