ஏழடி மரமும் எட்டடி ஹாலும்

ஏலே மக்கா, ஏழடியில கிறிஸ்துமஸ் மரம் வாங்கிட்டியாமே. உம் பொண்டாட்டி போன்ல ஆச்சிகிட்ட சொன்னா. சந்தோசம். ஹாலு பத்துக்கு எட்டு. மரத்தோட அடிக்கிளை மட்டும் நாலடி விரியும். மிச்சத்துல சோபா, டிவி, உம் மவன் ஓட்டுத மூணு சக்கர சைக்கிளு. இனி அடுக்களைக்குப் போறவ எந்த வழியாப் போவா? சன்னல் ஏறியா? மூணாவது மாடி வேற, பாத்துக்க.

குத்தம் சொல்லுதேன்னு நெனைக்காத. உன் வீடு, உன் வாடகை. கெழவன் வாய் சும்மா கெடக்காம ரெண்டு யோசனை சொல்லுதேன், புடிச்சா வச்சுக்க.

நம்ம பங்குச் சாமியார் ஒருநா பழைய படம் ஒண்ணு காட்டுனாரு. 1848-ல லண்டன் பத்திரிகையில வந்த படம். விக்டோரியா மகாராணியும் புருசன் ஆல்பர்ட்டும் புள்ளைகளோட மரத்தைச் சுத்தி நிக்காவ. மரம் வைக்கது ஜெர்மன்காரன் வழக்கம், ஆல்பர்ட்டு அந்த ஊர்க்காரரு. ராணி வீட்டுப் படத்தைப் பாத்த பொறவு இங்கிலாந்துல கண்டவனுக்கெல்லாம் அந்த ஆசை வந்துட்டாம். சரி, அந்த மரம் எங்கன நிக்கின்னு நெனைக்க? மேசை மேல! அம்மாம் பெரிய வின்சர் கோட்டையில, பாதி உலகத்தை ஆண்ட பொம்பளை, மேசை மேல வச்சுக் கொண்டாடிருக்கா. வேளச்சேரில ஒத்தை ரூம்பு வீட்டுக்காரன் தரையில ஏழடி நட்டிருக்கான். ராணியை விட ஒரு படி ஒசந்துட்டேல, நமக்குப் பெருமைதான்.

நம்மூர்ல என்ன செய்வோம்? சவுக்குக் கிளை ஒண்ணை ஒடிச்சு, எண்ணெய் டின்னுல மண்ணை ரொப்பி நட்டு, பலூனைக் கட்டிவிடுவோம். பஞ்சைப் பிச்சு அங்கங்க ஒட்டுனா அதுதான் பனி. தேரிக்காட்டுச் செம்மண்ணுல கால் வெந்து நடந்தவனுக்கு வீட்டுக்குள்ள பனி பெய்யணும்னு ஆசை! திருநாள் முடிஞ்சதும் சவுக்கு காஞ்சு கொட்டும், அள்ளி அடுப்புல போட்டா குபீர்னு புடிக்கும். உன் பிளாஸ்டிக் மரத்தை எந்த அடுப்புல போடுவ? அதுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு பரணு, பரணுல ஏற்கெனவே கல்யாணத்துக்கு வந்த வெங்கலப் பானை குத்தவச்சிருக்கு. பதினோரு மாசம் அந்த மரத்துக்கும் சேத்து நீதானல வாடகை கொடுக்க?

இன்னொரு சங்கதி. நானும் ஆச்சியும் 23-ஆந் தேதி நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறுதோம். டிக்கெட்டு போட்டாச்சு. எங்கன படுப்போம்னு நீ கவலைப்படாத. மரத்துக்கு அடியில பரிசுப் பொட்டலம் வைப்பாவளாமே, அதுல ரெண்டா நாங்களும் சுருண்டுக்கிடுதோம். ஆச்சிக்கு ராத்திரி முட்டு மடங்காது, காலை நீட்டுவா. மரம் சாஞ்சா என்னைக் கேக்காத.

அப்புறம் குடிலு. 32 பொம்மை செட்டுக்குச் சொல்லி வச்சிருக்கியாமே. அசிசியார் இருக்காருல்லா, குடில் வைக்கத ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த மனுசன், அவரு 1223-ல இத்தாலியில கிரெச்சோங்கிற ஊர்ல செஞ்சது என்ன தெரியுமா? ஒரு குகை, ஒரு தீவனத் தொட்டி, கொஞ்சம் வைக்கோலு, உசுரோட ஒரு மாடு, ஒரு கழுதை. முடிஞ்சது கணக்கு. நீ மாட்டையும் கழுதையையும் லிஃப்டுல ஏத்த வேண்டாம், உங்க அப்பார்ட்மெண்டு செயலாளர் சண்டைக்கு வருவான். ஆனா 32 எதுக்குங்கேன்? ஆண்டவரே சத்திரத்துல எடமில்லாம தொழுவத்துக்குப் போனவரு. அவரு பேரைச் சொல்லி வீட்டுல இருக்க எடத்தையும் அடைச்சுப் போட்டா நல்லாவா இருக்கும்?

சன்னல் திண்டு ஒரு முழம் அகலம் இருக்குல்லா, அங்கன வை. காக்கித் தாளைக் கசக்கிக் கலரைத் தெளிச்சா மலை ஆச்சு. ஒடைஞ்ச கண்ணாடிச் சில்லைப் படுக்கப் போட்டுச் சுத்தி மணலைத் தூவுனா குளம் ஆச்சு. வாத்து வாங்கணும்னு உம் மவன் அடம் புடிப்பான், அது ஒண்ணை மட்டும் வாங்கிக் கொடு. புல்லுக்குப் பச்சைப் பிளாஸ்டிக் பாயை விரிச்சிராத. திருநாளுக்குப் பத்து நாளைக்கு முந்தி ரெண்டு செரட்டையில மண்ணைப் போட்டு, ராத்திரி ஊறவச்ச கேவுறைத் தூவிவிடு. அம்மன் கோயில் முளைப்பாரி மாதிரி ஒண்ணு போல நெருக்கமா எந்திரிச்சு நிக்கும். தண்ணி தெளிக்க வேலை உம் மவனுக்கு. செல்போனைப் புடுங்குறதுக்கு இதை விட்டா வேற வழி எனக்குத் தெரியல.

மூணு ராசாவையும் ஒட்டகத்தையும் மொத நாளே குடிலுக்குள்ள நெருக்கித் தள்ளாத. அவிய வந்து சேருத திருநாளு ஜனவரி 6. கெழக்க இருந்து ஒட்டகத்துல வாரவன் 24-ஆந் தேதி ராத்திரியே எப்படில வருவான், விமானத்துலயா? அதுவரைக்கும் ஃபிரிட்ஜு மேல நிக்கட்டும். தெனம் ஒரு சாணு நகத்து. அங்கன இருந்து அலமாரி, அலமாரில இருந்து டிவி, டிவில இருந்து சன்னலு. பாலனையும் நடுச்சாமப் பூசை முடிஞ்சு வந்துதான் தொட்டியில கெடத்தணும், அது வரைக்கும் தொட்டி காலியாத்தான் கெடக்கணும். பாத்தியா, எடம் எவ்வளவு மிச்சமாவுதுன்னு!

ஸ்டாரு விசயத்துல மட்டும் நான் உன் கச்சி. பெருசாவே கட்டு. அது தரையில ஒரு விரக்கடை கூடக் கேக்காது. ஜெர்மனியில நீஸ்கின்னு ஒரு ஊர்ல, மொரேவியன் சபைப் பள்ளிக்கூடத்துல, 1830-கள்ல கணக்குப் பாடத்துக்காகப் புள்ளைகளைத் தாள்ல நட்சத்திரம் செய்ய வச்சாவளாம். இன்னைக்கு அது ஊரெல்லாம் தொங்குது. நீ கணக்குல வாங்குன மார்க்கை நான் இப்ப எடுக்கல. மூங்கில் சீவலைக் கட்டி, கலர்த் தாளை ஒட்டி, உங்க அப்பன் செஞ்சான், நீ கடையில வாங்கு, பரவாயில்ல. பால்கனி கொடிக் கம்பியில கட்டித் தொங்கவிடு. மழைக் காலம், மேல பாலித்தீன் பையைக் கவுத்து அடிப்பக்கம் தொறந்து வை. உள்ள சின்ன எல்.இ.டி. பல்பு ஒண்ணு போதும். அந்தக் காலத்து ஜீரோ வாட் பல்பு கெட்ட கள்ளன், பேருதான் ஜீரோ, தின்னது 15 வாட்.

சீரியல் செட்டு எத்தனை வாங்கிருக்க? 1882-ல எடிசன் கூட்டாளி ஜான்சன்னு ஒருத்தரு மொதமொதல்ல மரத்துக்குக் கரண்டு பல்பு போட்டப்ப மொத்தம் 80 தான். அதைப் பாத்தே நியூயார்க்குல வாயைப் பொளந்தாவ. உனக்கு ஐநூறு பத்தலைன்னா என்ன செய்ய! ஒரே பிளக்குல எல்லாத்தையும் சொருகாத, திரைச்சீலை மேல சுத்தாத, படுக்கும்போது அணைச்சிரு. பாலன் பொறப்புக்கு ஃபயர் வண்டி வரணும்னு எந்த ஆகமத்துலயும் இல்ல.

நாலு மூலைக்கும் கலர்த் தாள் இழுத்து நடுக் கொக்கியில கட்டுவோம்லா நம்மூர்ல, அதை அங்கன செஞ்சிராத. உன் வீட்டு நடுக் கொக்கியில காத்தாடி தொங்குது. ஒண்ணு தோரணம் கிழியும், இல்லன்னா கேக்கு திங்க வந்தவன் வேர்த்து ஊத்தி ஓடுவான். வீட்டுக்காரன் ஆணி அடிக்கக் கூடாதுன்னிருப்பான், திரைச்சீலைக் கம்பியிலயும் கதவு நெலையிலயும் கட்டிக்க.

அதுக்கு முன்ன சோபாவுக்குப் பின்னால அடுக்கி வச்சிருக்க பழைய பேப்பரை எடைக்குப் போடு. ஓடாத டிரெட்மில்லையும் ஏத்திவிடு. துணி காயப் போடுறதுக்கு அம்பதாயிரம் ரூவா மிசினு வாங்குனவன் நம்ம வம்சத்துல நீ ஒருத்தன்தாம்ல.

மரத்தை என்ன செய்யன்னு கேப்ப. அப்பார்ட்மெண்டு கீழ்வாசல்ல நிறுத்திரு. எல்லாரும் பாப்பாவ, செயலாளருக்கும் வாய் அடைச்சிரும். உனக்கு மேசை மேல ஒரு முழத்துக்குச் சவுக்குக் கிளை நான் கொண்டாரேன், டிக்கெட்டு கேக்க மாட்டான்.

முதலூர்ல மஸ்கோத் அல்வா வாங்கப் போறேன். ஒரு கிலோவா ரெண்டு கிலோவான்னு இன்னும் முடிவு பண்ணல. ஹாலுல எத்தனை அடி தரை காலியா இருக்குன்னு டேப்பு வச்சு அளந்து சொல்லு, அதுக்குத் தக்கன வாங்குதேன்.