182 நாள் ஆசாமி

வெளிநாட்டுக்காரர் நம் ஊரில் வங்கிக் கணக்கு திறக்கப் படும் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், அதிகாரிகள்தான் படுத்துகிறார்கள் என்று பழியை அங்கே இறக்கிவிட்டுப் போவது வழக்கம். என் கட்சி வேறு. அதிகாரிகள் பாவம், அவர்கள் கையில் கொடுத்திருக்கும் கணக்கு அப்படி. 182 நாள் இருந்தால் ஒருவர் இங்கே வசிப்பவர் என்று சட்டங்கள் சொல்கின்றன. எந்த 182 என்று கேட்டால்தான் சிக்கல். வருமான வரித் துறை நடப்பு நிதியாண்டின் நாட்களை எண்ணும். அந்நியச் செலாவணிச் சட்டம் (1999-இல் வந்தது) போன நிதியாண்டை எண்ணும். அதுவும் 182-ஐத் தாண்டியிருக்க வேண்டும், கூடவே எதற்காக வந்தார் என்ற நோக்கத்தையும் எடை போடும். ஆதாருக்கு நிதியாண்டே கிடையாது. மனுப்போடும் நாளிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு மாதம். ஆளும் ஒன்று, எண்ணும் ஒன்று, விடை மூன்று.

ஆரோவில்லுக்கு வரும் ஒரு பிரெஞ்சுப் பெண்மணியை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 1-இல் முதன்முதலாக வந்து பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்த மாடியொன்றில் குடியேறுகிறார், பிறகு எங்கும் போகவில்லை. நீண்டகால விசா என்பதால் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு. வீட்டுக்காரர் தம் பங்குக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். மார்ச் 31 வரை 151 நாள். ஆகவே அந்த ஆண்டுக்கு வருமான வரிப்படி அவர் இங்கே வசிக்கவில்லை. மே முதல் வாரம் ஆதாருக்குத் தகுதி வந்துவிடுகிறது. அரசாங்கமே அவரை இந்தியாவில் வசிப்பவர் என்று அட்டையடித்துக் கொடுக்கும். செப்டம்பர் கடைசியில் வருமான வரித் துறையும் வாங்க என்று வரவேற்றுவிடும். ஆனால் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டால், போன நிதியாண்டில் 151 நாள்தானே? 2026 மார்ச் 31 வரை அவர் வராதவர்தான். பதினேழு மாதம் ஒரே மாடியில் இருந்து, ஒரே கடையில் வஞ்சிரம் வாங்கினாலும் வராதவர்தான்! நோக்கத்தைப் பார்த்து இரங்கும் மேலாளர் வாய்த்தால் உள்ளூர்க் கணக்கு. எழுத்தைப் பார்ப்பவர் வாய்த்தால் வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்கு. சுற்றுலாப் பயணி என்று முடிவு கட்டிவிட்டாலோ, அந்தக் கணக்குக்கும் ஆயுள் ஆறே மாதம்.

கணக்கு திறந்தாயிற்று என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. வெளிநாட்டவரின் ஆதார் விசா உள்ளவரைதான். விசா நீள ஆரோவில் அறக்கட்டளையின் பரிந்துரை வேண்டும், முகவரிச் சான்று வேண்டும். விசா முடிந்தால் ஆதார் முடியும். ஆதார் முடிந்தால் கே.ஒய்.சி. காலாவதி, கே.ஒய்.சி. காலாவதியானால் கணக்கு முடங்கும். "சிஸ்டம் எடுக்கலைம்மா, அடுத்த வாரம் வாங்க." வந்தவர் அமெரிக்கராக இருந்துவிட்டால் இன்னொரு படிவம்: 2015-இல் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவர் கணக்கு விவரம் அவர் நாட்டுக்கே போகும். அதன் புண்ணியத்தில் அந்தப் படிவத்தில், வேறு நாட்டில் வரி கட்டுகிறீர்களா என்ற கேள்விக்கு வானூரைத் தாண்டாத நம்மவரும் கையெழுத்துப் போடுகிறார்.

கள்ளப்பணம், நாட்டுப் பாதுகாப்பு, இதெல்லாம் வேண்டாமா என்பார்கள். வேண்டும். ஆனால் கள்ளப்பணக்காரன் 182-ஐ எண்ணி ஏமாறும் ரகமில்லை. அவனிடம் எண்ணுவதற்கென்றே ஆடிட்டர் இருப்பார். சட்டத்துக்கொரு நோக்கம், அதனால் சட்டத்துக்கொரு கணக்கு என்பது இதைவிட வலுவான வாதம். வரி, அந்த ஆண்டு வருமானத்தைப் பற்றியது. வங்கிக்கோ இன்றைக்கே விடை தெரிய வேண்டும், அதனால் முடிந்துபோன ஆண்டைப் பார்க்கிறது. ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு விடை வேண்டும் என்பவர்கள் இன்றைய விசாவைப் பார்த்தால் என்ன என்பதுதான் என் கேள்வி. நம் ஆட்களை வளைகுடாவில் இதைவிட வாட்டுகிறார்களே என்று சிலர் கணக்குத் தீர்க்கப் பார்ப்பார்கள். வாட்டுகிறார்கள்தான். ஆனால் சவூதியில் இகாமா எண் ஒன்று கையில் இருந்தால் வங்கிக்கும் அதுதான், போன் சிம்முக்கும் அதுதான். சிங்கப்பூரிலும் வெளிநாட்டவருக்கு ஒரே எண். கண்டிப்பு அங்கே அதிகம், குழப்பம் குறைவு. நாம் கண்டிப்பைக் குறைத்துக் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறோம்.

வெள்ளைக்காரர் தொல்லை நமக்கெதற்கு என்று தள்ளவும் முடியாது. பக்கத்திலேயே புதுச்சேரி. 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். வைத்துக்கொண்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் தமிழில் பேசி, பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு பாரிஸுக்கும் புதுச்சேரிக்கும் போய்வருகிறார்கள். இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் விசாத் தொல்லை விட்டது. வங்கிக்காரர் முன்னால் உட்கார்ந்தால் அவர்களும் நாட்களை எண்ணித்தான் ஆக வேண்டும்.

வெளிநாட்டவர் பதிவு இப்போது ஆன்லைனில்தான் நடக்கிறது. இன்னார் இன்ன தேதி முதல் இங்கே வசிக்கிறார் என்று அங்கேயே ஒரு சான்று கொடுங்கள். வரி, வங்கி, ஆதார் மூன்றும் அதை ஏற்கட்டும். 2025-இல், 1920 தொடங்கி வந்த நான்கு பழைய சட்டங்களைத் தூக்கிவிட்டு ஒரே குடியேற்றச் சட்டம் கொண்டுவந்த அரசாங்கம் இது. மூன்று 182-ஐ ஒன்றாக்குவது அதற்குப் பெரிய வேலை இல்லை, செய்யட்டும்.