இடது காதும் இலவம்பஞ்சும்

ஒரு வலிக்கு வீட்டில் மரியாதை கிடைக்க வேண்டுமானால் அது வீங்க வேண்டும். வீங்க வக்கில்லை என்றால் எக்ஸ்ரே கவருக்குள்ளாவது வந்து சேர வேண்டும். என் இடது காதுக்கு வாய்த்த வலிக்கு இரண்டுமே கைவரவில்லை. உள்ளே குடைச்சல் இல்லை, சீழ் இல்லை, இரைச்சல் இல்லை. வெளியே, மடலின் மேல் விளிம்பில், எரிச்சலும் கடுப்புமாக ஒரு வலி. ராத்திரி தலையணையில் பட்டால் உயிர் போகும். விடிந்ததும் யாரிடமாவது காட்டலாம் என்று உட்கார்ந்தால், காது ஒன்றும் அறியாத பிள்ளையாக இருக்கும்.

மனைவி செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். முன்பக்கம் பார்த்தாள். மடலை மடக்கிப் பின்பக்கமும் பார்த்தாள்.

“ஒண்ணுமே இல்லீங்க. ஆமா, காதுக்குப் பின்னாடி சோப்பே போடுறதில்லையா நீங்க?”

அம்மாவுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. அவளுடைய வைத்தியத்தில் காது என்றால் ஓட்டை, ஓட்டை என்றால் எண்ணெய். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, கரண்டியோடு வந்து நின்றாள்.

“வலி வெளியிலம்மா.”

“இருக்கட்டும்டா. உள்ள விட்டா வெளிய வராமயா போயிரும்?”

அவள் சொன்னது பொய்யில்லை. எண்ணெய் வெளியே வந்தது, சட்டைக் காலர் வரைக்கும்.

காது மூக்கு தொண்டை டாக்டர் கருவியை வைத்து எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “என்ன சார், உள்ள தாளிச்சிருக்கீங்க?” நல்ல மனிதர், சிரித்து முடித்துவிட்டுத்தான் திட்டினார். காதுக்குள் எண்ணெயும் வேண்டாம், பட்ஸும் வேண்டாம். காதுக்குழாயின் தோல் தானாகவே வெளிப்பக்கமாக நகர்ந்து அழுக்கைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்றார். யாரும் சொல்லாமல் தானாக வேலை பார்க்கும் உறுப்பு ஒன்று என் உடம்பிலும் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வந்ததுதான் வந்தீர்கள், கேட்கும் திறனையும் பார்த்துவிடலாம் என்று கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார்கள். ‘பீப்’ கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பரீட்சை என்றாலே முதல் பெஞ்சில் உட்காரத் தோன்றும் புத்தி எனக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ‘பீப்’பையும் கொத்தினேன். 25 டெசிபலுக்குள் கேட்டாலே பழுதில்லையாம். எனக்கு அதற்கும் வெகு கீழே கேட்டது. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

மனைவி அதை நிதானமாகப் படித்தாள். கல்யாணமான நாள் முதல் “அடுப்பை அணைங்க”, “மோட்டாரை நிறுத்துங்க”, “எங்க அண்ணனுக்குப் போன் பண்ணுங்க” ஆகியவை என் காதில் விழுந்ததில்லை. இனி அந்த வசதி இல்லை. ரிப்போர்ட் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில், மீனாட்சியம்மன் படம் போட்ட காந்தத்துக்கு அடியில் இருக்கிறது.

வலி? அது அப்படியேதான் இருந்தது. காதுக்கு உணர்ச்சி தரும் நரம்புகள் ஒரே வழியில் வருவதில்லை என்றார் டாக்டர். மூளையிலிருந்து நேரே கிளம்பும் நரம்புகளில் ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது, பத்தாவது. போதாததற்குக் கழுத்துத் தண்டுவடத்திலிருந்து இரண்டாவதும் மூன்றாவதும். அதனால் பல் சொத்தையானாலும், தாடை மூட்டு தகராறு செய்தாலும், தொண்டை புண்ணானாலும், கழுத்து பிடித்துக்கொண்டாலும் வலிப்பது காதாக இருக்கலாம். சிலருக்குக் காதைக் குடைந்தால் இருமல் வருமே, அதுவும் பத்தாம் நரம்பின் ஒரு கிளை செய்கிற வேலைதான். அந்தக் கிளைக்கு ஆர்னால்ட் என்ற ஜெர்மன் உடற்கூறு நிபுணரின் பெயர். என் பாட்டி கோழி இறகால் காது குடைந்தபடியே இருமுவாள். தன் இருமலுக்குள் ஒரு ஜெர்மன்காரர் உட்கார்ந்திருப்பது தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

ஒருபக்கக் காதுவலி நீடித்தால் தொண்டையைப் பார்க்காமல் விடக்கூடாது என்று மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டும் பார்த்தார். சுத்தம். கழுத்தைத் திருப்பச் சொன்னார், திருப்பினேன். தாடையைத் திறந்து மூடச் சொன்னார், செய்தேன். பல் டாக்டரிடம் அனுப்பினார். அவர் ஒரு சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்தார், வலப்பக்கத்தில். கண்ட பிறகு சும்மா விட முடியுமா? அடைத்தார்கள்.

இந்த நிலையில் எனக்கு வலி தீர வேண்டும் என்ற ஆசை போய், அதற்கு ஒரு பெயராவது கிடைக்கட்டும் என்ற ஆசை வந்துவிட்டது. மைத்துனன் போனில் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்ல வேண்டாமா? “சும்மா வலிக்குதுப்பா” என்று ஒரு குடும்பத் தலைவன் எத்தனை நாள் சொல்வான்?

பெயர்கள் இல்லாமலில்லை. மடலின் விளிம்பில் சின்ன முண்டு வந்து, அந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும் நோய் ஒன்று உண்டு. 1915இல் விங்க்ளர் என்பவர் எழுதிவைத்தது. காண்ட்ரோடெர்மடைட்டிஸ் நோடுலாரிஸ் ஹெலிசிஸ் என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் மைத்துனனே போனை வைத்துவிடுவான். எனக்கு அதன்மேல் ஆசை பொங்கியது. டாக்டர் தடவிப் பார்த்து, “உங்களுக்கு முண்டு இல்லையே சார்” என்றார். காது செக்கச்செவேல் என்று சிவந்து எரியும் நோய் இன்னொன்று. 1990களில் ஜேம்ஸ் லான்ஸ் என்ற ஆஸ்திரேலிய நரம்பியல் நிபுணர் சொன்னது. அதற்குச் சிவக்க வேண்டும். என் நிறத்துக்கு அது சிவந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது என்று வாதாடினேன். எடுபடவில்லை.

கடைசியில் அவர் சொன்னது இதுதான். மடலின் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து கசிவதை வாங்கித்தான் பிழைக்கிறது. கண்ணாடிக் கம்பி, ஹெல்மெட், ஒருக்களித்த தூக்கம் எல்லாம் அதை நசுக்கும். காரணம் எதுவானாலும் அழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்போம். நடுவில் ஓட்டை போட்ட தலையணையில், காது ஓட்டைக்குள் இருக்கும்படி படுங்கள்.

கண்ணாடிக் கம்பியைத் தளர்த்தினேன். இப்போது கண்ணாடி மூக்கு நுனியில் இருக்கிறது, நான் எதைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிப்பது போலத் தெரிகிறதாம். தலையணைதான் பெரிய வேலை. போடியிலிருந்து வந்த இலவம்பஞ்சுத் தலையணையை மனைவி நடுவில் வெட்டினாள். அந்த நேரம் பார்த்து நான் ஃபேனைப் போட்டேன். பஞ்சு அடங்கி, ஓரம் தைத்து முடித்தபோது, உளுந்து வடை கணக்காக ஒன்று கையில் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ராத்திரி வலி பாதியாகக் குறைந்தது.

மறுவாரம் அதை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலுக்குப் போட்டாள். சாயங்காலமே எதிர்வீட்டு அக்கா ஒரு கட்டுத் துத்திக் கீரையோடு வந்து, மனைவியிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வீட்டிலிருந்து கருணைக்கிழங்கு வந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் தள்ளி வைத்து, “நில்லுங்க சார், நின்னுக்கிட்டே வாங்கிக்குங்க” என்றார். மூன்றாவது தெருவில் இருக்கிற சித்த வைத்தியர் ஆளனுப்பினார்.

ஊர் பெயர் வைத்துவிட்டது. மூலம்! மூன்றே எழுத்து. யாரும் விளக்கம் கேட்பதில்லை, எல்லார் முகத்திலும் உடனே கருணை. மறுக்க வாயெடுத்த மனைவியை நான்தான் தடுத்தேன். கருணைக்கிழங்கு மசியலும் நன்றாக இருந்தது.

நேற்று நடைப்பயிற்சியில் எதிர்ப்பட்ட ரிட்டயர்டு தாசில்தார் தோளில் கைபோட்டார்.

“இப்ப எப்படி இருக்கு தம்பி?”

“உட்காரும்போது ஒண்ணும் தெரியலீங்கய்யா. படுத்தாத்தான் வலிக்குது.”

“படுத்தாலேயா?” நின்றுவிட்டார். “ரொம்ப முத்திருச்சே தம்பி.”