எல்லாம் நிறை, ஒன்றே குறை

திகில் படம் என்றால் பணம், ரத்தம், யோசனை மூன்றும் செலவாகும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களின் கண்ணைத் திறந்த படம் ‘ஹேப்பி டெத் டே’. 2017 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமையன்று வெளியானது. மூன்றில் எதற்கும் தயாரிப்பாளரை அலையவிடவில்லை. 48 லட்சம் டாலரில் முடித்து, உலகம் முழுக்க 12 கோடி டாலருக்கு மேல் வாரிக்கொடுத்தது. தயாரித்தவர் சின்ன முதலில் பெரிய லாபம் பார்ப்பதில் பேர்போன ‘ப்ளம்ஹவுஸ்’ ஜேசன் ப்ளம். இயக்கியவர் கிறிஸ்டோபர் லாண்டன். கதையோ, எந்தத் தயாரிப்பாளரும் கேட்டவுடன் எழுந்து நின்று கும்பிட வேண்டிய கதை.

ட்ரீ கெல்ப்மன் என்ற கல்லூரிப் பெண். 18-ஆம் தேதி, திங்கட்கிழமை, அவளுக்குப் பிறந்தநாள். முந்தின இரவு குடித்த போதை தெளியாமல், கார்ட்டர் என்ற முன்பின் அறியாத பையனின் விடுதி அறையில் கண்விழிக்கிறாள். அன்றிரவு முகமூடி போட்ட ஆள் அவளைக் கொன்றுவிடுகிறான். கண்விழித்தால் அதே கட்டில், அதே திங்கட்கிழமை. மறுபடி சாகிறாள், மறுபடி விழிக்கிறாள். அதே அறை, அதே புல்வெளி, அதே உடை, அதே துணை நடிகர்கள். மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்பார்கள். அதை நம்பி ஒரே சட்டிக் குழம்பைப் படம் முடியும்வரை சுடவைத்துப் பரிமாறும் துணிச்சல் எல்லாருக்கும் வராது.

படத்தின் நகைச்சுவையைப் பற்றிச் சொல்ல வார்த்தை போதாது. முதல் சிரிப்பு யுனிவர்சல் நிறுவனத்தின் முத்திரையிலேயே வந்துவிடுகிறது. உருண்டை சுழலத் தொடங்குகிறது, பாதியில் வெட்டுப்படுகிறது, மறுபடி முதலிலிருந்து சுழல்கிறது. நாள் திரும்பத் திரும்ப வரப்போகிறது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிட்டார்கள். படத்தின் மிகச் சிறந்த நகைச்சுவையைப் படம் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுவதால், தாமதமாக வருகிறவர்களைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை.

கதை புதியதா என்று கேட்பவர்கள் உண்டு. 1993-இல் ஹரால்ட் ராமிஸ் இயக்கிய ‘கிரவுண்ட்ஹாக் டே’ படத்தில் பில் முர்ரே இப்படித்தான் ஒரே நாளில் மாட்டிக்கொண்டு, கர்வம் கரைந்து மனிதராவார். 2017 மார்ச்சில் வந்த ‘பிஃபோர் ஐ ஃபால்’ படத்திலும் ஒரு திமிர்பிடித்த பெண் தான் சாகும் நாளையே திரும்பத் திரும்ப வாழ்ந்து திருந்துகிறாள். ஆனால் நம் படத்தின் நேர்மை வேறு. கடைசியில் கார்ட்டரே, உன் கதை பில் முர்ரே படம் மாதிரி இருக்கிறதே என்கிறான். கடன்காரர் படம் முடிகிற நேரத்திலாவது கடன் கொடுத்தவர் பெயரைச் சொல்வது பெரிய மனசு. அதைவிடப் பெரிய சாமர்த்தியம், ட்ரீ அந்தப் படத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது. பார்த்திருந்தால் இரண்டாம் நாளே சங்கதி புரிந்திருக்கும்; நமக்கும் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

திகிலில் இவர்கள் காட்டிய ஜீவகாருண்யத்தை இன்னொரு படத்தில் பார்க்க முடியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் பார்க்கலாம் என்ற சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். கத்தி ஓங்கும், குத்து விழுவதற்குள் அவள் கார்ட்டரின் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். சட்டை துவைக்கிற செலவுகூட இல்லை. மூன்றாம் முறை சாகும்போது அவள் எழுந்துவிடுவாள் என்பது நமக்கும் மனப்பாடம். அடுத்து என்ன ஆகுமோ என்ற கவலைதானே பயம்? அதையே எடுத்துவிட்டால் இதய நோயாளிகளும் பக்கத்தில் மாத்திரை வைத்துக்கொள்ளாமல் பார்க்கலாம்.

கொலையாளி போடுவது ஒற்றைப் பல் தெரியச் சிரிக்கும் கைக்குழந்தை முகமூடி. அதுதான் அந்தப் பல்கலைக்கழக அணியின் சின்னம். அங்கே யார் கையிலும் அந்த முகமூடி இருக்கலாம், ஆகவே யாரும் கொலையாளியாக இருக்கலாம். வளர்ந்த பிள்ளைகள் ஆடும் அணிக்கு ஏன் கைக்குழந்தைகள் என்று பெயர் வைத்தார்கள் என்று குடையக்கூடாது. கொலையாளிக்கு முகமூடி வேண்டாமா?

விதி வகுப்பதிலும் படம் தாராளம். நடுவில் ட்ரீ மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போகிறாள். உடம்புக்குள் பழைய காயங்களின் தடம் தெரிகிறது. நியாயப்படி நீ உயிரோடிருக்கவே கூடாது என்கிறார்கள். ஒவ்வொரு சாவும் உடம்பில் தங்குகிறது, ஆகவே உயிர்களுக்கு ஒரு கணக்கு உண்டு என்று தெரிந்ததும் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். ரொம்ப நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகு வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா? சீக்கிரமே அந்த விதியைக் கைகழுவிவிடுகிறார்கள். சாக வேண்டியவள் கடைசிவரை ஓடுகிறாள், தாவுகிறாள், சண்டை போடுகிறாள்.

துப்பறியும் பகுதியோ அறிவைச் சோதிக்காத அறிவுப்பூர்வம். கொலையாளி யார் என்று விமர்சனத்தில் சொல்வது பாவம். இந்தப் படத்துக்கு அந்தப் பாவம் ஒட்டாது. அறைத்தோழி லோரிதான். மணமான பேராசிரியர் ஒருவருடன் ட்ரீக்குத் தொடர்பு. லோரிக்கும் அவர்மேல் கண். இந்த ஒரு பொறாமைக்கு அவள் செய்திருக்கும் ஏற்பாடுகளைப் பார்த்தால், கல்யாண மண்டபத்தையே ஒப்படைக்கலாம் என்று தோன்றும். காலையில் விஷம் வைத்த கப்கேக். அதை ட்ரீ தின்னாமல் தூக்கிப்போட்டால், தான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் காவலில் கிடக்கும் தொடர் கொலைகாரன் டூம்ப்ஸை அவிழ்த்துவிட்டுப் பழியை அவன் தலையில் போடுவது. நடுவில் முகமூடியை மாட்டிக்கொண்டு தானே கத்தியோடு கிளம்புவது. படிப்புக்கு எப்போது நேரம் ஒதுக்கினாள் என்பதுதான் உண்மையான மர்மம். அத்தனையையும் கடைசியில் அவளே நின்று நிதானமாக விளக்கிவிடுகிறாள். பார்ப்பவர் மூளைக்கு வேலை வைத்த பழி எழுத்தாளர்மேல் வராது.

நாள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் படம் மூச்சுவிடவில்லை. அந்த அடக்கத்தின் அருமை 2019-இல் தெரிந்தது. ‘ஹேப்பி டெத் டே 2யூ’ என்ற இரண்டாம் பாகத்தில், கார்ட்டரின் அறைத்தோழன் கட்டிய குவாண்டம் இயந்திரம்தான் காரணம் என்று விளக்கினார்கள். செலவு ஏறியது, வசூல் பாதியாகி 6 கோடி டாலரைச் சற்றே தாண்டி நின்றது. காரணம் சொன்னால் காசு போகும் என்பதை ஆய்வுக்கூடம் வைத்து நிரூபித்த முதல் படம் இதுவாகத்தான் இருக்கும்.

இத்தனை நிறைவான படத்தைக் கெடுத்தவர் ஒருவர் இருக்கிறார். ட்ரீயாக நடித்த ஜெசிகா ரோத். படக்குழுவின் சிக்கனக் கொள்கை அவர் காதுக்குப் போகவில்லை போலும். காட்சியே திரும்ப வரும்போது நடிப்பும் திரும்ப வந்தால் போதாதா? அந்தக் காலைநேர நடையைப் பாருங்கள். விடுதியிலிருந்து வெளியே வருகிறாள். கையெழுத்து கேட்டு அட்டையோடு ஒரு பெண் வருகிறாள். புல்வெளியில் படுத்திருக்கும் ஜோடிமேல் தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது. எங்கோ ஒரு கார் அலறுகிறது. ஒரு மாணவன் மயங்கிச் சரிகிறான். எல்லாம் இம்மி பிசகாமல் அப்படியேதான் நடக்கின்றன. இவர் மட்டும் முதல் நாள் யாரையும் மனிதராக மதிக்காத முகத்தோடு நடக்கிறார். மறுநாள் நெற்றி சுருங்குகிறது. அதற்கடுத்த நாள் கார் அலறுவதற்கு முன்பே கண்ணில் கலவரம் வந்துவிடுகிறது. பிறகொரு நாள், எப்படியும் சாகத்தானே போகிறோம் என்று ஆடை இல்லாமலே ராணி மாதிரி நடக்கிறார். நாள் நகரவில்லை, பெண் நகர்ந்துகொண்டே இருக்கிறாள். எழுத்தில் இல்லாத கதையை நடையிலேயே சொல்லிவிடுவது எழுத்தாளருக்குச் செய்யும் மரியாதையா?

மணிக்கூண்டில் அவர் செய்தது அதைவிட மோசம். டூம்ப்ஸ் கார்ட்டரைக் கொன்றுவிடுகிறான். டூம்ப்ஸை முடித்துவிட்டுத் தான் பிழைத்தால் நாள் அத்தோடு நகர்ந்துவிடலாம். கார்ட்டர் செத்தது செத்ததுதான். அதனால் கழுத்தில் சுருக்கு மாட்டிக்கொண்டு தானே குதிக்கிறாள். அதுவரை சாவு அவளைத் தேடி வந்தது. இப்போது இன்னொருவருக்காக அவள் சாவைத் தேடிப் போகிறாள். சிரிக்க வந்தவர்களைத் தொண்டை அடைக்க வைப்பது எந்த ஊர் நியாயம்? இறந்த தாயின் பிறந்தநாளும் அவள் பிறந்தநாளும் ஒன்றே. அதனாலேயே அவள் தட்டிக்கழித்துவந்த அப்பாவைச் சந்திக்கும் காட்சியையும், கடமைக்கு ஒரு கண்ணீரோடு முடித்திருக்கலாம். இவர் நிஜமாகவே அழுதுவிடுகிறார்.

பட்ட பிறகும் அவர்களுக்குப் புத்தி வரவில்லை. இரண்டாம் பாகத்திலும் அதே பெண்ணைக் கூப்பிட்டார்கள். வேறோர் உலகத்தில் தாய் உயிரோடிருக்கிறாள் என்று தெரிந்ததும் அவர் முகம் போன போக்கில், குவாண்டம் இயந்திரம் எதற்கு வந்தது என்பதே மறந்துபோகிறது. மூன்றாம் பாகம் எடுப்பதானால் ஒரே ஒரு யோசனை: கதையை அப்படியே வைத்துக்கொண்டு நடிகையை மாற்றுங்கள். இந்தப் படங்களின் உண்மையான மதிப்பு அப்போதுதான் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.